பாலைவனத் தளமும் ஹேர்மிஸும்

அன்புள்ள சேர்,

ஹேர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் விமானங்கள் 1941 இல் ஈராக்கிலும் சண்டையிட்டன என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். நம் கடலடியில் கிடக்கும் கப்பலுக்கும் ஈராக் பாலைவனத்துக்கும் என்ன தொடர்பு? அங்கே ஹப்பானியா என்ற விமானத்தளத்தைப் பயிற்சி விமானங்களே காப்பாற்றின என்பது உண்மையா? அந்தக் கப்பல் மூழ்கிய ஏப்ரல் 9 ஐ ஒட்டி எங்கள் பாடசாலையில் கண்காட்சி வைக்கிறோம். அதற்காகவும் கேட்கிறேன்.

வாசகர் ஒருவர், கல்லடி

அன்புள்ள தம்பி,

உண்மைதான். ஆனால் அந்தத் தளம் அங்கே எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஈராக்குக்குச் சுதந்திரம் தர 1930 இல் ஒப்பந்தம் செய்த பிரிட்டன், இரண்டு விமானத்தளங்களைத் தன் கையில் வைத்துக்கொண்டது. ஒன்று பஸ்ராவுக்கு அருகே ஷைபா. மற்றது யூப்ரடீஸ் ஆற்றுக்கு மேற்கே அமைய வேண்டும் என்பது ஒப்பந்தம். அதனால் பக்தாதை அண்டியிருந்த தளத்தை விட்டு, 55 மைல் தள்ளிப் பாலைவன விளிம்பில் ஹப்பானியாவைப் புதிதாகக் கட்டினார்கள். எண்ணெயும் இந்தியாவுக்கான வான்வழியும்தான் நோக்கம். ஆறு பக்கத்தில் ஓடியதால் மரங்கள், பூந்தோட்டம், தேவாலயம், சினிமாக் கொட்டகை என்று ஒரு சிறு நகரமே எழுந்தது. தெற்கே ஹப்பானியா ஏரியில் பயணிகள் கடல்விமானங்கள் இறங்கின.

தளத்துக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு மேட்டுநிலம் இருந்தது. அதில் ஏறி நின்றால் தளம் முழுவதும் கண்ணுக்குக் கீழே. 1941 ஏப்ரலில் பிரிட்டனை எதிர்த்த ஈராக்கிய அரசியல்வாதி ரஷீத் அலி இராணுவ அதிகாரிகளின் துணையோடு ஆட்சியைப் பிடித்தார். அந்த மாதம் 30 ஆம் திகதி விடியும்போது ஈராக்கியப் படை பீரங்கிகளோடு அந்த மேட்டில் நின்றது. விமானம் எதுவும் எழும்பக்கூடாது என்று அறிவித்தது.

உள்ளே இருந்தது ஒரு விமானப் பயிற்சிப் பாடசாலை. ஒக்ஸ்ஃபோர்ட், ஓடாக்ஸ் போன்ற பயிற்சி விமானங்களில் குண்டு தாங்கிகளைப் பொருத்தினார்கள். போலோ மைதானத்தை ஓடுபாதையாக்கினார்கள். ஆசிரியர்களோடு பயிற்சி முடியாத மாணவர்களும் பறந்தார்கள். மே 2 விடியுமுன் தாக்குதலைத் தொடங்கியது தளம்தான். ஷைபாவிலிருந்து வெலிங்டன் குண்டுவீச்சு விமானங்களும் வந்து சேர்ந்தன. மே 6 காலை பார்த்தால் மேட்டில் படை இல்லை.

இதில் எனக்கு இன்றும் வியப்பு, தளத்தின் தண்ணீர்த் தாங்கி தப்பியதுதான். பாலைவனக் கோடையில் ஆயிரக்கணக்கானோரின் உயிர் அதில் தங்கியிருந்தது. அதைக் குறிவைத்து உடைத்திருந்தால் விமானங்கள் இருந்தும் பயனில்லை. பிரிட்டனின் துணிச்சலை மட்டும் புகழ்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

அதே போரில், பாரசீக வளைகுடாவில் நின்ற ஹேர்மிஸின் ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் ஈராக்கின் தெற்கே தாக்கின. அடுத்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று, திருகோணமலையிலிருந்து விலகி நம் கரையோரமாக வந்தபோது அந்தக் கப்பலில் ஒரு விமானமும் இல்லை. ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு வெளியே அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த வெம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் போனது. பயிற்சி விமானங்களையாவது கையில் வைத்திருந்த தளம் பிழைத்தது. விமானந்தாங்கிக் கப்பலோ விமானம் இல்லாமல் அழிந்தது. கண்காட்சியில் இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டுங்கள்.

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹப்பானியாவைத் தரையில் காத்த படையில் பெரும்பகுதி பிரிட்டிஷார் அல்ல, லெவிகள் எனப்பட்ட உள்ளூர்ப் படையினர். அவர்களில் பலர் அசீரியக் கிறிஸ்தவர்கள். முதலாம் உலகப் போரில் துருக்கியின் ஹக்காரி மலைகளிலிருந்து துரத்தப்பட்டு, திரும்பிப் போக வழியில்லாமல் நின்ற மக்கள். 1933 இல் வட ஈராக்கின் சிமேலே என்ற ஊரில் ஈராக்கிய இராணுவம் அவர்களைக் கொன்று குவித்தது. அதற்குப் பிறகும் பிரிட்டனின் சீருடையில் காவல் நின்றார்கள். 1955 இல் அந்தப் படை கலைக்கப்பட்டது. 1958 புரட்சி மன்னராட்சியை முடித்தது, 1959 இல் பிரிட்டன் மூட்டைகட்டியது. காவல் நின்றவர்களுக்குப் போக வேறு நாடு இல்லை. இடம்பெயர்வு என்றால் என்னவென்று மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே விமானப் படங்களுக்கு ஒதுக்கும் அளவு இடத்தை லெவிகளுக்கும் ஒதுக்குங்கள். இடம் போதாவிட்டால் விமானப் படங்களைக் குறையுங்கள்.