அப்பாவுக்குக் கண்ணில் குறையில்லை என்கிறார்கள், ஆனால் பேப்பர் படிக்க முடியவில்லை. மூளைத் தேய்மானத்தால் இப்படி ஆகுமா?

ஆகும். எங்கள் பெரியப்பாவுக்கு ஆனது.

திருவையாறு பக்கம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் பேரேடு எழுதியவர். அறுபது வயதில் பேப்பர் படிக்கும்போது வரி தவற ஆரம்பித்தது. கண்ணாடியை இரண்டு முறை மாற்றினோம், புரை ஆபரேஷனும் செய்தோம். பலனில்லை. "எழுத்து தெரியுதுடா, ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது" என்பார். 'கொடி' என்பதைக் 'காடி' என்று வாசிப்பார். முன்னால் நிற்கும் கொம்பு அவருக்கு இல்லாமலே போய்விடும். மறதி இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். அவரோ, நான் மேட்டூர் நீர்மட்டத்தைப் படித்தால் "நேத்தைக்கு இன்னிக்கு ஒண்ணரை அடி இறங்கிருக்கே" என்று கணக்குச் சொல்கிற ஆள்.

பிடிபட்டது தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில். எதிரே வந்து நின்ற பஸ்ஸின் போர்டைப் படிக்க முடியாமல் திணறியவர், ஏறி உட்கார்ந்ததும் டிக்கெட்டின் பொடி எழுத்தைத் தட்டாமல் படித்தார். நரம்பியல் மருத்துவரிடம் இதைச் சொன்ன பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் பின்பக்கம் சுருங்கியிருந்தது.

போஸ்டீரியர் கார்ட்டிக்கல் அட்ரோபி என்று பெயர். 1988-ல் பென்சன் என்ற நரம்பியல் மருத்துவரும் சகாக்களும் வைத்தது. பெரும்பாலும் அல்சைமர்தான் காரணம். ஆனால் ஞாபகத்தில் கை வைக்காமல், பார்த்ததைச் சேர்த்துப் புரிந்துகொள்ளும் இடத்தில் ஆரம்பிக்கிறது. அதுவும் பலருக்கு 50-லிருந்து 65 வயதுக்குள். ஒரே பார்வையில் கொஞ்ச இடத்தைத்தான் பிடிக்க முடிவதால், பெரிய எழுத்து அதற்குள் அடங்குவதில்லை. பெரிய எழுத்துப் புத்தகமாகத் தேடி வாங்கித் தந்தோமே, அது அவருக்குத் தண்டனைதான்!

மூளைத் தேய்மானத்தில் இதற்கு நேர்மாறான வகையும் உண்டு. சொற்களின் பொருளே அழிந்துபோகும் அந்த வகையில், தமிழை எழுத்துக்கூட்டி உரக்க வாசிப்பதெல்லாம் சரியாகவே வரும். என்ன படித்தோம் என்றுதான் தெரியாது. ஆகவே சத்தமாகப் படிக்கிறார் என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

சுருங்கியதைத் திருப்பிக் கொண்டுவர மருந்தில்லை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு ஜன்னல் வெட்டிக் கொடுத்தேன். எட்டு மாதம் அதை நகர்த்தி நகர்த்தித் தலைப்புச் செய்திகளை விட்டுவிட்டு உள்செய்தியைப் படித்தார். இப்போது நான் படிக்க அவர் கேட்கிறார்.

சரி, உங்கள் அப்பாவிடம் பெரிய எழுத்தைவிடச் சின்ன எழுத்து சுலபமாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், அடுத்த கண்ணாடிக்கு அளவு கொடுக்கும் முன் நரம்பியல் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.