தனியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: முதலில் சண்டைக் கணக்கைத் திருத்துங்கள்

கேள்வி: கூட விளையாட ஆளில்லை, கதையையும் எதிரிகளையும் நடத்தும் கேம் மாஸ்டரும் இல்லை. ஒரு பாத்திரமாக நடித்துப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைத் தனியாக ஆட எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

தாராளமாக ஆடலாம். "அதுக்குப் பேசாம கம்ப்யூட்டர் கேம் ஆடலாமே", "தனியா ஆடினா அது ரோல்பிளேயிங்கே இல்ல" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் வெளிவந்தது 1974ல். அடுத்த வருடமே, அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், ‘தி ஸ்ட்ராட்டஜிக் ரிவ்யூ’ பத்திரிகையின் முதல் இதழில் ஒற்றை ஆள் நிலவறைக்குள் போவதற்கான விதிகளை எழுதினார். 1976ல் இதே வகையான டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் ஆட்டத்துக்குத் தனியாள் சாகசம் ஒன்று தனிப் புத்தகமாகவே வந்தது. ஆள் கிடைக்காதவர்கள் பிற்பாடு ஒட்டுப்போட்ட விஷயம் இல்லை இது.

நீங்கள் விதிப்புத்தகமும் ஏழு பகடை செட்டும் வாங்கி, முதல் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) ஒருவரை உருவாக்கி, முதல் குகையிலேயே அவரைப் பறிகொடுத்திருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த இடத்தில்தான் பலரும், கேம் மாஸ்டருக்குப் பதிலாகப் பகடையால் விடை சொல்லும் ‘ஆரக்கிள்’ அட்டவணைகளைத் தேடி ஓடுகிறார்கள். ஆரக்கிள் தேவைதான், ஆனால் ஆளைக் கொன்றது கூட்டல் கழித்தல்.

2014 விதிகளையே (5ஆம் பதிப்பு) எடுத்துக்கொள்வோம். கோப்லின் என்ற குட்டி அரக்கனுக்கு ஆர்மர் கிளாஸ் (அடி படத் தாண்ட வேண்டிய எண்) 15, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 7, தாக்குதல் +4, அடி டி6+2, அதாவது ஆறு பக்கப் பகடையில் விழுந்ததோடு 2. உங்கள் ஃபைட்டருக்குச் செயின் மெயிலும் கேடயமும் சேர்ந்து ஆர்மர் கிளாஸ் 18, ஹிட் பாயின்ட் 12, தாக்குதல் +5, அடி டி8+3. கோப்லின் உங்களைத் தொட இருபது பக்கப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், அதாவது 35 சதவீதம். நான்கு கோப்லின் சேர்ந்தால் சுற்றுக்குச் சராசரி 7.7 அடி. இரண்டாவது சுற்றில் நீங்கள் தரையில். அந்த நான்கையும் நீங்கள் முடிக்கவோ ஏறக்குறைய பத்து சுற்று பிடிக்கும். கிரிட்டிக்கலையும் (20 விழுந்தால் இரட்டை அடிப் பகடை) செகண்ட் விண்டையும் (ஃபைட்டர் தானே கொஞ்சம் ஹிட் பாயின்ட் மீட்பது) சேர்க்கவில்லையே என்று கேட்பீர்கள். சேர்த்துப் பாருங்கள், ஒரு சுற்று முன்பின் ஆகும், அவ்வளவுதான்.

இதற்குச் சிறந்த மருந்து கெவின் கிராஃபோர்ட் ‘ஸ்கார்லெட் ஹீரோஸ்’ ஆட்டத்தில் வைத்த மாற்றம். அடிப் பகடையில் விழுந்ததை அப்படியே கழிக்காதீர்கள். 1 என்றால் அடி இல்லை, 2 முதல் 5 வரை 1 புள்ளி, 6 முதல் 9 வரை 2, 10 அல்லது அதற்கு மேல் 4. இந்தப் புள்ளி உங்களுக்கு ஹிட் பாயின்ட்டில் கழியும், எதிரிக்கு ஹிட் டைஸில் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) கழியும். மிஞ்சிய புள்ளி பக்கத்தில் நிற்கும், அதே அளவோ அதைவிடக் குறைவாகவோ ஆர்மர் கிளாஸ் உள்ள அடுத்த எதிரிக்குப் போகும். இதோடு ‘ஃப்ரே டை’: ஃபைட்டர் ஒவ்வொரு சுற்றிலும் தாக்குதலோடு கூடுதலாக டி8 உருட்டலாம். குறி பார்க்கத் தேவையில்லை, தானாகவே படும். ஆனால் உங்கள் லெவலைவிட ஹிட் டைஸ் அதிகமுள்ள எதிரிமேல் செல்லாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. 5ஆம் பதிப்பில் கோப்லினுக்கு 2 ஹிட் டைஸ். அப்படியே விட்டால் முதல் லெவலில் ஃப்ரே டை வேலைக்கு ஆகாது. சில்லறை எதிரிகளை 1 ஹிட் டைஸ் என்று குறைத்துக்கொள்ளுங்கள். இப்போது நான்கு கோப்லினும் சேர்ந்து சுற்றுக்கு ஏறத்தாழ 2 புள்ளிதான் எடுக்கும், நீங்கள் சராசரியாகச் சுற்றுக்கு இரண்டு பேரையாவது சாய்ப்பீர்கள். மீதிச் சண்டை விதி எதையும் தொட வேண்டாம்.

இனி ஆரக்கிள். ஷான் டாம்கின் 2018ல் இலவசமாகவே கொடுத்த ‘அயர்ன்ஸ்வார்ன்’ ஆட்டத்தின் அட்டவணை போதும். ஆமாம் இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்டு, செட்டிலுள்ள இரண்டு பத்துப் பக்கப் பகடைகளையும் (ஒன்று பத்துகளுக்கு, ஒன்று ஒன்றுகளுக்கு) சேர்த்து 1 முதல் 100 வரை உருட்டுங்கள். கிட்டத்தட்ட நிச்சயம் என்றால் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஆமாம்; வாய்ப்பு அதிகம் 26; பாதிக்குப் பாதி 51; வாய்ப்பு குறைவு 76; அபூர்வம் 91. இரண்டு இலக்கமும் ஒன்றாக விழுந்தால் பதிலோடு ஒரு திருப்பம். உதாரணமாக, "காவலாளி விழித்திருக்கிறானா?" வாய்ப்பு அதிகம். விழுந்தது 33. ஆமாம், விழித்திருக்கிறான். திருப்பம்: அவன் நிற்பது கதவுக்கு இந்தப் பக்கம், உங்களுக்குப் பின்னால்.

வாய்ப்பு எவ்வளவு என்பதை உருட்டுவதற்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். உருட்டிய பிறகு யோசித்தால் மனசு பிடித்த பதில் பக்கம் சாயும். ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். மூன்றாவது கேள்வி பேரம். திறமைச் சோதனையில் தோற்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்று விடவும் கூடாது. குழுவில் ஒருவர் தோற்றால் இன்னொருவர் முயல்வார், இங்கே அடுத்த ஆள் கிடையாது, கதை அந்தப் பூட்டிலேயே நின்றுவிடும். பூட்டு திறக்கட்டும், ஆனால் சத்தம் கேட்டு யாரோ வரட்டும், அல்லது விளக்கில் எண்ணெய் தீரட்டும்.

பகடை பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மினுமினுப்புப் போட்டு, அதன்மேல் தங்க நிறத்தில் எண் எழுதி விற்கிறார்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் 6 எது 8 எது என்று கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது. மாலை முழுக்க நூறு தடவை தனியாக உருட்டுகிறவருக்கு இது பெரிய தொந்தரவு. வெள்ளைப் பகடையில் கறுப்பு எண், அதைவிட நல்லது எதுவும் இல்லை.

அச்சில் வந்த சாகசத்தை ஆடுவதென்றால் அடுத்த அறையின் குறிப்பை அட்டையால் மூடிவையுங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதலில் பெர்செப்ஷன் (கவனிக்கும் திறன்) உருட்டி எண்ணைக் குறியுங்கள், பிறகுதான் அட்டையை நகர்த்துங்கள். பொறியைக் கண்டுபிடிக்கக் குறிப்பில் கேட்கும் எண் அதைவிடப் பெரிதா, பொறி உங்கள்மேல் விழுந்தாயிற்று. ரகசியக் கதவுக்கும் இதே முறை. எண் எட்டவில்லை என்றால் கதவு இருப்பது உங்களுக்குத் தெரிந்தாலும் பாத்திரத்துக்குத் தெரியாது. அந்த அறையின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகருங்கள். வேறு வேலையாகப் பாத்திரம் திரும்ப அங்கே வந்தால் மட்டும் மறுபடி உருட்டலாம்.