ஐந்து இரவு இத்தாலி: பெட்டியை எந்த ஊரில் இறக்குவது?

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 70, முழங்கால் வலி உண்டு. அவரையும் அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் செப்டம்பர் கடைசி வாரத்தில் ஐந்து இரவு இத்தாலி போக நினைக்கிறோம். மூவருக்கும் இதுதான் முதல் தடவை. ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் பார்த்துவிடலாம் என்பது என் கணக்கு. மனைவிக்கு அமால்ஃபி கடற்கரை அல்லது கோமோ ஏரிமீது ஆசை. கார் ஓட்டப்போவதில்லை. அம்மா முட்டைகூடத் தொடாத சைவம். எங்கே போகலாம்?

பதில்: நீங்கள் கேட்ட ஐந்தும் இல்லாமல் ஆறாவதாக ஒன்றைச் சொல்கிறேன். வட இத்தாலியில் இருக்கும் பொலோன்யாவில் அறை எடுத்து ஐந்து இரவும் அங்கேயே தங்குங்கள். தேதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

முதலில் உங்கள் மூன்று ஊர்த் திட்டம். அதிவேக ரயிலில் ரோமிலிருந்து ஃப்ளாரன்ஸ் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாம் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். ஆனால் காலை பத்து மணி வாக்கில் அறையைக் காலி செய்ய வேண்டும், அடுத்த ஊரில் சாவி கையில் கிடைக்க மதியம் இரண்டோ மூன்றோ ஆகும். நடுவில் பெட்டிகளோடு ஸ்டேஷன், பிளாட்பாரம், கருங்கல் பாவிய தெரு. ஒருமுறை ஊர் மாறினால் அரை நாள் போச்சு. வெனிஸில் இன்னும் மோசம்: ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாலம், பாலத்துக்கு இரண்டு பக்கமும் படி. பெட்டியை நீங்கள் தூக்குவீர்கள், அம்மாவை யார் தூக்குவது?

ரோமை விட்டுவிடச் சொல்வது எனக்கும் கஷ்டம்தான். ஆனால் கொலோசியம், வாட்டிகன் இரண்டுக்கு மட்டுமே முழுசாக இரண்டு நாள் வேண்டும், நிற்பதும் நடப்பதும் அதிகம். ரோமுக்கு ரோம் மட்டும் என்று இன்னொரு தடவை போங்கள்.

அமால்ஃபி பற்றி உங்கள் மனைவியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். படங்களில் வரும் பொசிடானோ செங்குத்தான மலைச்சரிவில் தொங்குகிற ஊர், அங்கே தெரு என்பதே பெரும்பாலும் படிக்கட்டுதான். நேபிள்ஸ் விமான நிலையத்திலிருந்து சொரெண்டோவுக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அதன்பிறகு வளைவு வளைவாகப் போகும் இன்னொரு பஸ், சீசனில் பல நேரம் நின்றுகொண்டே. உங்கள் இருவருக்கு மட்டும் என்றால் தயங்காமல் போகச் சொல்வேன், அப்போதும் தங்குவது ஓரளவு சமதளமான சொரெண்டோவில். கோமோ வேறு மாதிரி. மிலனிலிருந்து வரென்னாவுக்கு ரயிலில் ஒரு மணி நேரம், அங்கிருந்து படகில் கால் மணி நேரத்தில் பெல்லாஜியோ. இரண்டு நாளுக்கு அருமையான இடம். ஆனால் இலையுதிர்காலத்தில் மழை பிடித்துக்கொண்டால் ஐந்து நாளும் ஏரியை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சரி, ஏன் பொலோன்யா? உங்கள் கடிதத்தில் இருக்கும் முழங்கால் வலிதான் முடிவு செய்கிறது. இந்த ஊரின் பழைய பகுதி அநேகமாகச் சமதளம். அதோடு வீடுகளின் மேல்மாடி தெருப்பக்கம் நீண்டு, அடியில் தூண்கள் வைத்த நடைபாதையாக ஊர் முழுக்க ஓடுகிறது. நகரத்தின் நடுப்பகுதியில் மட்டும் சுமார் 38 கிலோமீட்டர் இருக்கும், 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். நம் பக்கத்துத் திண்ணையை வீட்டுக்கு வீடு இணைத்துத் தெருக்கோடி வரை கொண்டுபோனால் எப்படியோ, அப்படி. மழை பெய்தால் குடை வேண்டாம், வெயில் அடித்தால் நிழல். தரையும் தெருவை விட வழவழப்பு. அம்மா தன் வேகத்தில் நடக்கலாம்.

மியூனிக்கிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம்தான். விமான நிலையத்திலிருந்து மைய ரயில் நிலையத்துக்கு மோனோரயில் ஏழெட்டு நிமிடத்தில் போய்விடும். ஆனால் மூன்று பேர் என்பதால் டாக்ஸிக்கும் அதற்கும் செலவில் பெரிய வித்தியாசம் வராது, டாக்ஸியே எடுங்கள். ஆல்ப்ஸைப் பார்த்துக்கொண்டு பிரென்னர் கணவாய் வழியாக ரயிலிலேயே வரலாம். நேரடி ரயில்கள் சில உண்டு, ஏறக்குறைய ஏழு மணி நேரம். அம்மாவின் முழங்காலுக்கு அவ்வளவு நேர உட்கார்வு ஒத்துக்கொள்ளுமா என்பதை அவரிடமே கேளுங்கள்.

இப்போது தேதி. செப்டம்பர் கடைசியில் பொலோன்யாவில் செர்சாயே என்கிற டைல்ஸ் கண்காட்சி நடக்கும். உலகம் முழுக்க இருந்து வியாபாரிகள் வந்து இறங்குவார்கள், அந்த வாரம் ஹோட்டல் வாடகை சாதாரண நாளில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு, அதற்கு மேலும் போகும். அதே நாட்களில் உங்கள் ஊரில் அக்டோபர்ஃபெஸ்ட் கூட்டம் வேறு. அக்டோபர் 4 பொலோன்யாவின் காவல் புனிதர் பெத்ரோனியோவின் திருநாள், உள்ளூரில் விடுமுறை. அது கழிந்து அக்டோபர் இரண்டாம் வாரம் வாருங்கள். ஒரு ஸ்வெட்டர் கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.

சாப்பாடுதான் இந்த ஊரின் சிக்கல், அதை மறைக்க விரும்பவில்லை. இத்தாலியிலேயே நல்ல சாப்பாடு பொலோன்யாவில்தான் என்பார்கள். ஆனால் அந்தப் பெயர் பன்றி இறைச்சியாலும் முட்டையாலும் வந்தது. இங்கே கடையில் உருட்டும் புது பாஸ்தா அநேகமாக எல்லாமே முட்டை சேர்த்துப் பிசைந்தது. கீரையும் ரிக்கோட்டா சீஸும் வைத்த தோர்தெல்லோனி உங்களுக்குச் சைவம், அம்மாவுக்கு இல்லை. அவருக்கு உலர் பாஸ்தா, அதாவது ஸ்பகெட்டி, பென்னே வகை, கேட்டு வாங்குங்கள், அது பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும்தான். 'புரோதோ' என்று மெனுவில் இருந்தால் அது இறைச்சிச் சாறு. வெங்காயமும் தக்காளியும் மணிக்கணக்கில் வதக்கிய ஃப்ரிஜோனே பார்க்கச் சைவம்போலவே இருக்கும், பழைய முறையில் செய்தால் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குவார்கள். பீட்சாவில் மரினாரா என்றால் மீன் என்று பயந்து ஒதுக்கவேண்டாம். தக்காளி, பூண்டு, ஓரெகானோ, எண்ணெய், வேறு எதுவும் கிடையாது. அம்மாவுக்கு அதைவிடப் பத்திரமான சாப்பாடு இங்கே இல்லை. பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையூட்டியால் செய்வது, அதையும் தவிர்ப்பவர் என்றால் தட்டில் தூவவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அதனால்தான் ஹோட்டலைவிடச் சமையலறை உள்ள வீடாகப் பார்க்கச் சொல்கிறேன். வங்கதேசத்துக்காரர்கள் நடத்தும் மளிகைக் கடைகள் நகரத்தில் இருக்கின்றன, அரிசி பருப்புக்குக் கஷ்டமில்லை. காய்கறிக்கு மெர்காத்தோ தெல்லே எர்பே என்கிற மூடிய சந்தை. ஒருவேளை ரசமும் சாதமும் உள்ளே போனால் அம்மா மறுநாள் எங்கே கூப்பிட்டாலும் வருவார். வீடு எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். 'இரண்டாவது மாடி' என்று போட்டிருப்பார்கள், பழைய கட்டடத்தில் அது நாற்பது ஐம்பது படி. ஸ்டேஷனுக்கும் ஊரின் மையமான மஜ்ஜோரே சதுக்கத்துக்கும் நடுவில், இந்திபெண்டென்சா தெருவை ஒட்டிக் கிடைத்தால் நல்லது. ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று நகர வரி தனியாக வாங்குவார்கள். தங்குபவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பதிவு செய்வது இங்கே சட்டம், அம்மாவுடையதை மறக்காமல் கையில் வைத்திருங்கள்.

ஊருக்குள் ஒரு முழு நாள் போதும். சதுக்கத்தில் இருக்கும் சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்கு மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் போய்விடுங்கள். தரையில் ஏறக்குறைய 67 மீட்டர் நீளத்துக்குப் பித்தளைக் கோடு ஒன்று பதித்திருக்கிறது, வானியலாளர் கசீனி 1655இல் அமைத்தது. கூரையில் இருக்கும் சிறு துளை வழியாக விழும் வெயில் வட்டம், சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தில் சரியாக அந்தக் கோட்டைக் கடக்கும். கோடையில் துளைக்குப் பக்கமாகவும் குளிர்காலத்தில் தூரத்திலும் விழுவதால் கோடு நெடுக ராசிகளையும் பொறித்து வைத்திருக்கிறார்கள். உள்ளூர்க் கடிகாரப்படி அக்டோபரில் அது ஒரு மணியை ஒட்டி நடக்கும். வட்டம் நகர்வது கண்ணுக்கே தெரியும். வெயில் இல்லாத நாளில் ஒன்றும் கிடையாது, வானத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். மலைமேல் இருக்கும் சான் லூக்கா கோயிலுக்குத் தூண் நடைபாதை வழியாகவே ஏறலாம், ஆனால் அம்மா சதுக்கத்திலிருந்து கிளம்பும் சின்ன சுற்றுலா வண்டியில் வரட்டும். அசினெல்லி கோபுரத்தில் ஏறும் திட்டம் இருந்தால் அடித்துவிடுங்கள். பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தின் நிலை மோசமானதால் 2023 அக்டோபரில் இரண்டையும் மூடிவிட்டார்கள், சீரமைப்பு வருடக்கணக்கில் போகிற வேலை.

வெளியூர்களில் ரவென்னாவைத்தான் முதலில் வைப்பேன். சாதாரண ரயிலில் ஒன்றே கால் மணி நேரம், ஊரும் சமதளம். ரோமப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயரில் இருக்கும் கல்லறை மண்டபம் வெளியிலிருந்து பார்த்தால் சின்ன செங்கல் கட்டடம், ஒன்றும் தோன்றாது. உள்ளே ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அலபாஸ்டர் கல் பலகைகள், அவற்றின் வழியே வரும் வெளிச்சம் தேன் நிறத்தில் மங்கலாக இருக்கும். உடனே நிமிர்ந்து பார்க்காமல் கண் பழகும்வரை அரை நிமிடம் பொறுங்கள். ஐந்தாம் நூற்றாண்டு மொசைக், கருநீல மேற்கூரை முழுக்கத் தங்க நட்சத்திரங்கள். உள்ளே ஐந்து நிமிடம்தான் விடுவார்கள், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். ஒரே சீட்டில் சான் விட்டாலே தேவாலயம் உட்பட வேறு சில இடங்களும் அடங்கும். கவிஞர் தாந்தேயின் கல்லறையும் இதே ஊரில்தான்.

அடுத்து வெனிஸா, ஃப்ளாரன்ஸா? ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் அம்மாவோடு வெனிஸ். இது பலருக்கு விநோதமாகத் தோன்றும், ஏனென்றால் படி அதிகம் என்று இப்போதுதான் சொன்னேன். பெட்டி இல்லாமல், ஒரு பகலுக்கு மட்டும் போகும்போது கதை வேறு. ஒன்றரை மணி நேர ரயிலில் சாந்தா லூச்சியா நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே பெருங்கால்வாய். முதலாம் எண் படகில் அம்மாவை உட்காரவைத்து சான் மார்கோ வரை போங்கள். முக்கால் மணி நேரம், வழி நெடுக மாளிகைகள், ஒரு பாலம்கூட ஏற வேண்டாம். படகுச் சீட்டு ஆளுக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். பகல்நேரப் பயணிகளுக்கு 2024இல் தொடங்கிய நுழைவுக் கட்டணத்தை இதுவரை ஏப்ரலிலிருந்து ஜூலைவரை குறிப்பிட்ட நாட்களில்தான் வாங்குகிறார்கள், அக்டோபரில் கவலை இல்லை. ஃப்ளாரன்ஸ் ரயிலில் நாற்பது நிமிடம்கூட இல்லை. நீங்களும் மனைவியும் ஒரு காலைப்பொழுது தனியாகப் போய்விட்டு வரலாம், அம்மாவுக்கும் ஒரு நாள் ஓய்வு. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், உஃபிசி ஓவியக்கூடமும் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் அன்று மூடியிருக்கும்.

ரயில் விஷயத்தில் ஒன்று. அதிவேக ரயிலுக்கு விமானம் மாதிரி விலை ஏறும், தேதி உறுதியானதும் வாங்கிவிடுங்கள். ரவென்னா போகும் சாதாரண ரயிலுக்கு எப்போதும் ஒரே விலை, அன்று காலை வாங்கினால் போதும். காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் பிளாட்பாரத்துப் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள், மறந்தால் அபராதம். பொலோன்யா நிலையத்தில் அதிவேக ரயில்கள் நிற்பது பூமிக்கடியில், 16 முதல் 19 வரையிலான பிளாட்பாரங்களில். வாசலிலிருந்து அங்கே போய்ச் சேர உங்களுக்கே பத்து நிமிடம் ஆகும், அம்மாவோடு இருபது என்று வையுங்கள். நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் எப்போதும் 10:25 காட்டும், அதை நம்பி ஓடவேண்டாம். 1980 ஆகஸ்ட் 2 அன்று 85 பேரைக் கொன்ற குண்டுவெடிப்பின் நினைவாக அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

வேலைநிறுத்தம் இங்கே சகஜம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். வாரநாளில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை சாதாரண ரயில்கள் கட்டாயம் ஓடும், மற்ற நேரத்துக்கு உறுதி இல்லை. அதனால் வெனிஸ் பயணத்தை வெள்ளியன்று வைக்காதீர்கள்.

தேதியை மாற்றவே முடியாது, பொலோன்யாவில் வீடும் கிடைக்கவில்லை என்றால் ஃபெராராவில் தேடுங்கள். அரை மணி நேர ரயில் தூரம், வெனிஸ் போகும் அதே பாதை. நடுவில் அகழியோடு எஸ்தே கோட்டை, ஊர் முழுக்க சைக்கிள், ஏற்றம் இறக்கமே இல்லை. கண்காட்சி வாரத்தில் அங்கும் விலை கொஞ்சம் ஏறும், ஆனாலும் பொலோன்யா அளவுக்கு இருக்காது.