கச்சான் வேரடியில் வெள்ளை நூல்: மருந்து ஊற்றலாமா?

கேள்வி: வாகரைப் பக்கம் மணல் காணியில் முக்கால் ஏக்கர் கச்சான் போட்டிருக்கிறேன். வேரில் முடிச்சுக் கட்டி நைதரசன் பிடிக்கும் பற்றீரியா உள்ள றைசோபியம் பொடி கலந்துதான் விதைத்தேன். இன்றைக்கு நாற்பது நாள். இரண்டு மரம் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேரின் மேற்பக்கத்தில் முடிச்சுகள் இருக்கின்றன, பக்கவேர்களில் ஒன்றிரண்டுதான். கூட்டெரு போட்ட வரிகளில் மண்ணைக் கிளறினால் வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருக்கிறது. பக்கத்துக் காணிக்காரர், அது பங்கசு, மருந்து ஊற்றாவிட்டால் எல்லாம் அழுகிவிடும் என்கிறார். பொடியில் இருந்த பற்றீரியா ஏன் மண்ணில் பரவவில்லை? மருந்து ஊற்றலாமா சேர்? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தங்கச்சி, இன்றைக்கு மருந்து ஊற்ற வேண்டாம். நீங்கள் தனித்தனியாகக் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் அந்த வெள்ளை நூலில்தான் இருக்கிறது.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுவோம். கச்சானுக்குக் கெடுதல் செய்கிற வெள்ளைப் பங்கசு ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அது தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் பஞ்சு ஒட்டியதுபோல் படரும். அந்தப் பஞ்சுக்குள் கடுகு அளவில் உருண்டை உருண்டையாக மணிகள் இருக்கும். முதலில் வெள்ளை, பிறகு மண்ணிறம். கிளை வாடி, தண்டின் அடி அழுகி, இழுத்தால் மேற்பகுதி மட்டும் கையோடு வரும். உங்கள் படத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. நூல் தண்டில் ஏறாமல் எருத்துண்டுகளிலும் காய்ந்த சருகிலும்தான் ஓடியிருக்கிறது, இலை பச்சையாக நிற்கிறது. அது எருவை உக்கவைக்கிற பங்கசு. ஆனாலும் பத்து மரத்தின் அடியைக் குனிந்து பார்த்துவிடுங்கள். கடுகு மணி கண்டால் அந்த மரத்தைச் சுற்றியுள்ள மண்ணோடு சேர்த்து அள்ளி, காணிக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். அந்த மணி மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இனிப் பற்றீரியாவின் விஷயம். றைசோபியம் ஒன்று ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறு தொடக்கம் ஆயிரம் வரை வரிசையாக நிற்கக்கூடிய அளவு சிறியது. அதற்குச் சவுக்குமுளை என்ற வால் உண்டு. அதைச் சுழற்றி நீந்தும். தண்ணீரில் விட்டால் ஒரு செக்கனில் தன் உடல் நீளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் போய்விடும். கச்சான் வேர் கசியவிடும் பொருட்களை மோப்பம் பிடித்ததுபோல் அந்தப் பக்கம் திரும்பவும் அதற்குத் தெரியும். ஆனால் நீந்தத் தண்ணீர் வேண்டும். வாகரை மணலில் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் பெரிய இடைவெளிகளில் இருந்ததெல்லாம் கீழே இறங்கிவிடும். மிஞ்சுவது மணற்பரல் ஒன்றையொன்று தொடுகிற மூலையில் ஒட்டியிருக்கும் துளி. நடுவில் முழுக்கக் காற்று. பற்றீரியாவின் நிலை, குளம் வற்றிக் குட்டையில் மாட்டிய மீனின் நிலைதான். இப்போது கச்சான் என்கிற வறண்ட காற்று வேறு அடிக்கிறது. காலையில் நனைத்த மண் மத்தியானத்துக்குள் வறண்டுவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பயறு வகைகள் பலவற்றில் றைசோபியம் வேர்மயிர் வழியாக உள்ளே போகும். கச்சானில் அப்படியில்லை. பக்கவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற வெடிப்பு வழியாகத்தான் போகும். பக்கவேர் எங்கே கிளைக்கிறதோ அங்கே பற்றீரியா போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் பொடியை விதையில் பூசினீர்கள். விதை இருந்த இடத்தில், ஆணிவேரின் கழுத்தில், முடிச்சு வந்துவிட்டது. வேர் ஓடிவிட்டது, பற்றீரியா ஓடவில்லை. இதில் உங்கள் பிழை ஒன்றுமில்லை.

அந்த வெள்ளை நூல் இங்கேதான் உதவிக்கு வருகிறது. பங்கசின் நூல் காற்று இடைவெளியைத் தாண்டி ஒரு பரலில் இருந்து மற்றப் பரலுக்குப் பாலம்போல் வளரும். அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டியிருக்கும். பற்றீரியா அந்தப் படலத்தில் நீந்திக்கொண்டே போய்விடும். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த ஆய்வாளர்கள் 2005இல் இதைத் தெளிவாகக் காட்டி, 'பங்கசு நெடுஞ்சாலை' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் பார்த்தது எண்ணெய்க் கழிவு போன்ற மாசுகளைத் தின்னும் பற்றீரியாவை. பிறகு சீனாவில் கச்சானிலேயே பார்த்தார்கள்: செடிக்குள் வாழ்கிற ஒரு பங்கசின் நூலைப் பிடித்துக்கொண்டு றைசோபியம் வேரடிக்கு வந்து சேர்ந்தது.

கண்ணுக்குத் தெரிகிற நூல் பெரும்பாலும் உக்கவைக்கும் வகைதான். கச்சான் வேருக்குள் குடியிருந்து வெளியே மண்ணுக்குள் பரவுகிற மைக்கோறைசா என்ற வேர்ப்பங்கசின் நூல் மிக மெல்லியது, வெறுங்கண்ணால் பிடிப்பது கடினம். செடிக்கு அதுதான் கூடப் பெறுமதி. அது செடியிடம் சீனியை வாங்கி, நூலின் நுனியில் கொஞ்சம் கசியவிடும். அந்தச் சீனிக்காகப் பற்றீரியா கூடும். கூடிய பற்றீரியா, உக்கிய எருவில் பூட்டிக் கிடக்கும் பொசுபரசை நொதியம் சுரந்து கரைத்துவிடும். அதைத் தனியாகச் செய்ய அந்தப் பங்கசுக்குத் திறமை போதாது. கரைந்த பொசுபரசை நூல் உறிஞ்சி வேருக்குக் கொடுக்கும். நீங்கள் மருந்து ஊற்றினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதும் நின்றுவிடும் என்பதுதான் என் கவலை.

எல்லாம் உறவு என்று எண்ணிவிடவும் வேண்டாம். பங்கசையே தின்று வாழும் பற்றீரியா மண்ணில் உண்டு. பங்கசை அடக்கும் பொருளைச் சுரக்கிற பசிலஸ் வகைகளும் உண்டு, அழுகல் நோய்க்கு எதிராக அவற்றைப் பயன்படுத்துகிறோம். ட்ரைக்கோடெர்மா என்ற பங்கசு மற்றப் பங்கசுகளைச் சுற்றி வளைத்துக் கொல்லும். நூற்பாதையில் நல்லதும் போகும், கெட்டதும் போகும். கச்சானுக்குப் பிறகு அதே இடத்தில் கத்தரி போடுகிற எண்ணம் இருந்தால் வாடல் நோய் இருந்த காணியா என்று பாருங்கள். வாடிய கத்தரித் தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் பிடித்தால் பால்போல் நூல் இறங்கும், அது பற்றீரியா வாடல்.

இப்போது செய்ய வேண்டியது: கூட்டெரு போட்ட வரியில் மூன்று மரம், போடாத வரியில் மூன்று மரம் மண்வெட்டியால் தோண்டி எடுங்கள். இழுத்தால் முடிச்சு மண்ணிலேயே அறுந்துவிடும். தண்ணீரில் மெதுவாக அலசி, பக்கவேர் முடிச்சுகளை எண்ணுங்கள். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் நைதரசன் பிடிக்கிறது. வெள்ளையோ பச்சையோ என்றால் அது வேலை செய்யவில்லை. எரு வரியில் முடிச்சு கூடுதலாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது.

தண்ணீரை ஒரே நாளில் நிரம்ப விட்டு ஒரு கிழமை காயவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி விடுங்கள், அதிகாலையிலோ பொழுது சாயும்போதோ. மணலில் பற்றீரியாவுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. முடிச்சு குறைவு என்று யூரியாவை அள்ளிப் போட வேண்டாம். மண்ணில் நைதரசன் தாராளமாக இருந்தால் செடி முடிச்சுக் கட்டுவதைக் குறைத்துவிடும். இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றால் மட்டும் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டிவிட்டுக் கொஞ்சமாகப் போடுங்கள்.

2021இல் இரசாயனப் பசளை நிறுத்தப்பட்ட காலத்தில் எத்தனையோ பேர் உயிர்ப்பசளையை வாங்கி ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று கைவிட்டார்கள். உயிருள்ள ஒன்றைக் கொடுத்தவர்கள், அது எதில் நகரும், எதைத் தின்னும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அது இன்னும் மனவருத்தம்.

பெரும்போகத்துக்கு விதைக்கும்போது பொடிப் பைக்கற்றை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வெயிலில் வைத்துக் கொண்டுவராதீர்கள், சூட்டில் செத்துவிடும். ஆறிய சோற்றுக்கஞ்சியில் விதையைப் பிசறி, பொடியைத் தூவி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே ஈரமண்ணில் போடுங்கள். பங்கசு நாசினி பூசிய விதையோடு பொடியைக் கலக்க வேண்டாம். நன்றாக உக்கிய எருவை வரிக்குள் கலந்துவிடுங்கள், தண்டோடு குவிக்காதீர்கள். முந்திய போகத்தில் கௌபி நன்றாக முடிச்சுக் கட்டிய துண்டுக்காணி இருந்தால் கச்சானை அங்கே போடுங்கள். கௌபிக்கும் கச்சானுக்கும் முடிச்சுக் கட்டுவது ஒரே கூட்டத்துப் பற்றீரியாதான். அங்கே அவை மண் முழுவதும் ஏற்கெனவே குடியிருக்கும்.