சட்டி மூடியும் ஆறு விமானமும்

வணக்கம் ஐயா,

நான் கெடாவில் சுங்கைப் பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். இந்தர் லால் ராய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையில் பறந்து பத்து விமானங்களை வீழ்த்திய நம்மவர் ஒருவரைப் பாராட்டிவிட்டு, கடைசியில் “அந்தப் பத்தில் ஐந்துதான் அழிந்ததாகப் பதிவானவை” என்று ஊசியும் குத்திவிட்டீர்கள். என் தாத்தா பால் வெட்டியவர். 1941 டிசம்பரில் எங்கள் தோட்டத்துக்கு மேலே நடந்த சண்டையில் ஆறு ஜப்பான் விமானம் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றிலிருந்து அவர் பெயர்த்து வந்த தகடு, பாட்டி கையில் சட்டி மூடியாகி, இன்றைக்கும் எங்கள் அடுப்படியில் இருக்கிறது. உள்பக்கம் ஏதோ ஆங்கில எழுத்தும் நம்பரும் உண்டு. கண்ணால் பார்த்தவர் பேச்சைவிட, மலாயாவை விட்டு ஓடிப்போன வெள்ளைக்காரன் எழுதிய காகிதம் பெரிதா?

க., சுங்கைப் பட்டாணி

அன்புள்ள க.,

முதலில் ராய். 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து வெற்றி. அதே மாதம் 22ஆம் தேதி வானிலேயே மரணம். வயது 19. இதில் ஒரு எழுத்தைக்கூட நான் குறைக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் கணக்கில், எதிரி விமானம் கட்டுப்பாடு இழந்து சுழன்று கீழே போனாலே அது ஒரு வெற்றி. தரையில் விழுந்து நொறுங்கியதா என்று போய்ப் பார்க்க முடியாது. சண்டை பெரும்பாலும் ஜெர்மானியர் பக்கத்து வானில்தான் நடந்தது. அப்படி எழுதப்பட்டவை ராய் கணக்கில் ஐந்து. இது அவர் சொன்ன பொய் இல்லை, அன்றைக்கு இருந்த விதி. ஜெர்மன் ஏடுகளைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாம் என்றால், அவற்றில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயிற்று. எரித்தது பிரிட்டிஷ் விமானங்கள் போட்ட குண்டு!

எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். நாலு துப்பாக்கி, நாலு பக்கம். திரும்பி வந்ததும் நாலு பேரும் “என் குண்டுதான் பாய்ந்தது” என்பார்கள். நாலு பேரும் சுட்டது உண்மை, பன்றி சாய்ந்ததைப் பார்த்ததும் உண்மை. ராத்திரி சட்டியில் வெந்தது ஒரே பன்றி. வானத்தில் இது இன்னும் மோசம். மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் வேகம், கண்ணில் வியர்வை, சுட்ட மறுநொடியே தன் முதுகைத் திரும்பிப் பார்த்தாக வேண்டும். எதிரி இஞ்சினை முழுவேகத்தில் முறுக்கித் தலைகுப்புறப் பாய்ந்தால் கறுப்புப் புகை வரும். மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது எரிகிற விமானம். 1940 செப்டம்பர் 15 அன்று லண்டனுக்கு மேலே 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போர் முடிந்து ஜெர்மானியரின் இழப்புக் கணக்கைப் பார்த்தபோது ஏறக்குறைய அறுபதுதான் தேறியது. சொந்த ஊருக்கு மேலேயே இந்தக் கதி என்றால், கெடா காட்டுக்கு மேலே என்ன சொல்ல?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஓடிப்போனவனோ வந்தவனோ, விமானத்தை இழந்தவன் எழுதிய காகிதத்தைத்தான் நான் தேடுவேன். வீழ்த்தியவன் ஏடு எனக்கு இரண்டாம் பட்சம். எத்தனை சுட்டோம் என்று எழுதும்போது கை தாராளமாக இருக்கும். எத்தனை போயிற்று என்று எழுதும்போது அப்படி முடியாது. ஒரு விமானம் குறைந்தால் இன்னொன்றை மேலிடத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஆள் செத்தால் அவன் அம்மாவுக்குக் கடிதம் போக வேண்டும், பென்ஷன் ஓட வேண்டும், கல்லறையில் பெயர் வெட்ட வேண்டும். வானொலியில் எவ்வளவு வேண்டுமானாலும் புளுகலாம், ஸ்டோர் கணக்கில் புளுகினால் நாளைக்குப் பறக்க விமானம் இருக்காது. அதனால் ஜப்பான்காரன் சொன்ன வெற்றிக்கு பிரிட்டிஷ் இழப்பு ஏடு, பிரிட்டிஷ்காரன் சொன்ன வெற்றிக்கு ஜப்பான் இழப்பு ஏடு. இப்படி மாற்றி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சொல்வது சுலபம். நானே ஒருமுறை அவசரப்பட்டு வழுக்கி விழுந்திருக்கிறேன். மலாயாவில் பறந்த ஒரு பைலட் “ஒரு ஜீரோவை வீழ்த்தினேன், காலை பத்தரை” என்று எழுதியிருந்தார். ஜீரோ என்றால் ஜப்பான் கடற்படை விமானம். கடற்படை ஏட்டில் அந்த நேரத்தில் இழப்பே இல்லை. ஆள் புளுகன் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டு தப்பு. ஒன்று, கெடாவிலும் பேராவிலும் பெரும்பாலும் பறந்தவை ஜப்பான் தரைப்படையின் விமானங்கள். அவற்றில் ஹாயாபுசா என்ற சண்டை விமானம் பார்வைக்கு ஜீரோ மாதிரியே இருக்கும்; இங்கிருந்த பைலட்டுகள் எல்லாவற்றையும் ஜீரோ என்றே எழுதிவைத்தார்கள். தேட வேண்டியது வேறு படையின் ஏட்டில். அப்புறம் கடிகாரம். 1941 செப்டம்பர் முதல் மலாயா நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால். ஜப்பான் படை எங்கே போனாலும் டோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி நேரம் முன்னால். இங்கே பத்தரைக்கு விழுந்தது அங்கே பன்னிரண்டுக்கு விழுந்திருக்கும். பிற்பாடு அந்த டோக்கியோ மணியையே மலாயா முழுக்கத் திணித்தார்கள் என்பது உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. 1945 ஆகஸ்டில் சரணடைந்த கையோடு ஜப்பானியர் தங்கள் காகிதங்களைக் குவித்துக் கொளுத்தினார்கள். கடற்படை விமானப் பிரிவுகளின் அன்றாட அறிக்கைகள் ஓரளவு தப்பின. யார் பறந்தான், எத்தனை தோட்டா செலவு என்பதுவரை அவற்றில் இருக்கிறது. தரைப்படை விமானப் பிரிவுகளின் காகிதம் பெரும்பாலும் சாம்பல். நமக்கு வேண்டியது அதுதான் என்பது நம் அதிர்ஷ்டம்.

காகிதம் இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். உங்கள் பக்கத்துக் கதையே இருக்கிறது. 1941 டிசம்பர் 9, பட்டர்வொர்த்திலிருந்து ஆர்தர் ஸ்கார்ஃப் என்ற பிரிட்டிஷ் பைலட் பிளெனிம் குண்டுவீச்சு விமானத்தில் கிளம்பினார். கூட வரவேண்டிய விமானங்கள் தரையிலேயே அடிபட்டுவிட்டன. ஒற்றை விமானமாகப் போய், தாய்லாந்துப் பக்கம் ஜப்பானியர் இறங்கியிருந்த சிங்கோராவில் குண்டு போட்டார். உடம்பெல்லாம் காயத்தோடு அலோர் ஸ்டார் வரை ஓட்டிவந்து இறக்கினார். கூட இருந்த இருவரும் பிழைத்தார்கள், அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். பின்வாங்கிய குழப்பத்தில் எதுவும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. பிரிட்டிஷாரின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வந்தது 1946இல்தான். வீழ்த்திய விமானம் என்று எண்ணினால் அவர் கணக்கு பூஜ்யம். தைப்பிங் போர்க் கல்லறையில் இருக்கிறார், ஒருநாள் போய்ப் பாருங்கள்.

சரி, தாத்தாவின் ஆறு. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. பால் காட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது இலைகளுக்கு நடுவில் கையகல வானம். ஒரே விமானம் சுழன்று சுழன்று இறங்கும்போது மூன்று இடைவெளியில் மூன்று தடவை தெரியும். தூரம் பறப்பதற்காக ஹாயாபுசா இறக்கைக்குக் கீழே கூடுதல் எண்ணெய் டாங்கி மாட்டிக்கொண்டு வரும். சண்டை என்றதும் அதைக் கழற்றி விட்டுவிடுவார்கள். வெயிலில் மின்னிக்கொண்டு அதுவும் விழும். ஆறில் ஒன்றிரண்டு அந்த டாங்கியாக இருக்கலாம். மற்றதை இழப்பு ஏட்டோடு ஒப்பிட நாளும் நேரமும் வேண்டும். பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, முன்னாலா பின்னாலா, பால் எடுத்த பிறகா என்று தாத்தா சொன்னது வீட்டில் யாருக்காவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாதது அந்தச் சட்டி மூடிதான். ஜப்பான் விமானத் தகட்டில் பெரும்பாலும் அவர்கள் எழுத்துதான் இருக்கும். சண்டை தொடங்கியபோது சுங்கைப் பட்டாணி விமானத் தளத்தில் இருந்தவை ஆஸ்திரேலியர் ஓட்டிய பஃபல்லோ, பிரிட்டிஷார் ஓட்டிய பிளெனிம். ஒன்று அமெரிக்காவில் செய்தது, மற்றது இங்கிலாந்தில் செய்தது. இரண்டிலும் ஆங்கில எழுத்து. தாத்தா பெயர்த்து வந்தது ஜப்பான்காரனுடையது தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மூடியைக் கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்புங்கள். எண் முழுசாகக் கிடைத்தால் எந்த வகை விமானத்தின் எந்தப் பாகம் என்று தேடிப் பார்க்கலாம். அதுவரை வீட்டில் சொல்லி வையுங்கள், சாம்பல் போட்டுத் தேய்க்க வேண்டாம்.