ஃபெல்ட் பை பின்ன எந்த மெஷின்? முதலில் நூலைப் பாருங்கள்

கேள்வி: கம்பளி நூலில் பை, தொப்பி, மூக்குக்கண்ணாடி உறை மாதிரி சின்னச் சாமான்களைப் பின்னி, வெந்நீரில் சுருக்கி ஃபெல்ட் ஆக்கி, சீசனில் சுற்றுலா வருபவர்களுக்கு விற்கலாம் என்று ஒரு யோசனை. கைப்பிடியைச் சுற்றினால் பின்னும் 48 ஊசி வட்ட மெஷின் ஆன்லைனில் கிடைக்கிறது. தெரிந்த ஒருவரிடம் பஞ்ச் கார்டு (டிசைனுக்கான துளை அட்டை) போடும் பழைய ஜப்பான் மெஷினும் விலைக்கு இருக்கிறது. எதை வாங்குவது? (குன்னூர் வாசகி)

பதில்: ஃபெல்ட் வேலைக்கு மட்டும்தான் என்றால் பஞ்ச் கார்டுக்கு ஒரு பைசாகூட அதிகம் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துப் போடும் நுணுக்கமான டிசைன் வெந்நீருக்குள் போனதும் பாதிக்கு மேல் மங்கிவிடும், கண்ணிகளே தெரியாமல் போவதுதானே ஃபெல்ட். அகலமான கோடு, பெரிய கட்டம் ஓரளவு நிற்கும், அதற்குச் சாதாரணப் பின்னல் போதும். விலையை ஏற்றும் ரிப்பர் (ரிப் பின்னலுக்கான கூடுதல் இணைப்பு), எலக்ட்ரானிக் வசதி எதுவும் இதற்குத் தேவையில்லை. அந்தக் காசை நூலில் போடுங்கள்.

வட்ட மெஷினில் ஒரு சிக்கல், விற்பவர்கள் சொல்வதில்லை. 46, 48 ஊசி மெஷின் என்பதே பெரியவர்கள் தலைக்குச் சாதாரணக் குல்லாய் பின்னுகிற அளவு. அதைச் சுருக்கினால் குழந்தைக் குல்லாய்தான் மிஞ்சும். கண்ணியின் அளவைக் கூட்டிக் குறைக்கவும் அதில் டயல் கிடையாது, நூலின் தடிமனையோ நூல் வரும் இறுக்கத்தையோ மாற்றிப் பார்ப்பதுதான் வழி. சின்ன பர்ஸ், கண்ணாடி உறை, மணிக்கட்டு உறை இவற்றுக்கு நன்றாகவே உழைக்கும், விலையும் குறைவு. ஆனால் பைதான் உங்கள் முக்கியச் சரக்கு என்றால் தட்டை மெஷின்தான் (ஊசிகள் நேர் வரிசையில் இருப்பது, அந்த ஜப்பான் மெஷின் மாதிரி) சரி.

தட்டை மெஷினில் ஊசிக்கும் ஊசிக்கும் உள்ள இடைவெளியைக் கேளுங்கள். 4.5 மில்லிமீட்டர் என்றால் மெல்லிய நூலுக்கானது, பெரும்பாலும் 200 ஊசி இருக்கும், ஊசிப் படுக்கை (ஊசிகள் வரிசையாக இருக்கும் தட்டு) மட்டுமே 90 சென்டிமீட்டர், வீட்டில் அதற்கு மேசை இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். 6.5 என்பது நடுத்தரம், சில்வர் ரீட் நிறுவனத்தின் எல்கே 150 இந்த வகை, 150 ஊசி, பிளாஸ்டிக் படுக்கை. 9 என்றால் தடித்த நூலுக்கு. ஃபெல்ட்டுக்கு நான் 6.5-ஐச் சொல்வேன். ஆனால் கைக்கு வருவது நல்ல நிலையில் உள்ள 4.5 மெஷின் என்றால் அதையும் தள்ளிவிட வேண்டாம், ஒன்றுவிட்டு ஒரு ஊசியில் நூல் போட்டால் இடைவெளி 9 ஆகிவிடும், கொஞ்சம் தடித்த நூலும் ஓடும். எப்படியும் கண்ணி தளர்வாகத்தான் இருக்க வேண்டும், நெருக்கமாகப் பின்னினால் இழைகள் நகர்ந்து பின்னிக்கொள்ள இடம் இருக்காது.

பழைய மெஷினை நேரில் போய்ப் பாருங்கள், போட்டோவை நம்பி முன்பணம் வேண்டாம். ஊசிகளை அழுத்திப் பிடிக்கும் ஸ்பாஞ்ச் பட்டையை உருவச் சொல்லுங்கள், நாள்பட்ட பட்டை நசுங்கித் தட்டையாகிப் பிசுபிசுவென்று இருக்கும். அதனால் மெஷினையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, புதிது வாங்கிப் போடலாம், விலையில் கழித்துக்கொள்ளுங்கள். கேரேஜ் (ஊசிகளின் மேல் இங்கும் அங்கும் தள்ளும் பாகம்) இறுகி நகராமல் இருந்தாலும் பல சமயம் பழைய எண்ணெய் உறைந்ததுதான் காரணம், சுத்தம் செய்தால் சரியாகும். ஊசியின் முனைத் தாழ் வளைந்திருப்பது, கேரேஜ் உடைந்திருப்பது வேறு கதை. பிரதர் நிறுவனம் வீட்டு நிட்டிங் மெஷின் தயாரிப்பை 1990-களிலேயே நிறுத்திவிட்டது, உடைந்த பாகத்துக்குப் பெரும்பாலும் இன்னொரு பழைய மெஷினைத்தான் தேட வேண்டும். விற்பவரையே உங்கள் கண் முன்னால் இருபது வரிசை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். எடைக் கொக்கிகள், கண்ணி மாற்றும் கருவி, நூல் தாங்கும் கம்பி எல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்றும் எண்ணுங்கள், இவற்றைத் தனித்தனியாகத் தேடி வாங்குவது பெரிய தலைவலி. எலக்ட்ரானிக் மாடல் என்றால் எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் பிளக்கைச் சொருகாதீர்கள், ஜப்பான், அமெரிக்காவுக்குச் செய்தவை 100 முதல் 120 வோல்ட்டில் ஓடுபவை.

கேள்வி: கடையில் ‘உல்லன்’ என்று கேட்டுத்தான் வாங்கினேன். மூன்று முறை வெந்நீரில் போட்டும் பை அப்படியே இருக்கிறது, ஒரு அங்குலம்கூடச் சுருங்கவில்லை. மெஷினில் ஏதாவது தவறா? (கோவை வாசகி)

பதில்: மெஷின் பாவம், அதைத் திட்டாதீர்கள். நீங்கள் வாங்கியது அக்ரிலிக்காக இருக்கும். நம் ஊர் கடைகளில் உல்லன் என்று தொங்கும் நூல் கட்டுகளில் பெரும்பகுதி அக்ரிலிக்தான், லேபிளைத் திருப்பிப் பார்த்தால் அவர்களே அச்சடித்திருப்பார்கள். ஆட்டுக் கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் சோப்பும் உரசலும் சேரும்போது இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, செதில்கள் மாட்டிக்கொண்டு, திரும்பி வர முடியாமல் இறுகிவிடுகின்றன. அக்ரிலிக்கிலும் பருத்தியிலும் அந்தச் செதில் கிடையாது, நீங்கள் முப்பது முறை போட்டாலும் இதே கதைதான்.

சரி, லேபிளில் 100 சதவீதம் கம்பளி என்று இருந்தால் போதுமா? போதாது. ‘சூப்பர்வாஷ்’ என்றோ ‘மெஷினில் துவைக்கலாம்’ என்றோ இருந்தால் அந்தச் செதில்களை ரசாயனத்தால் மழுக்கியோ, மேலே பூச்சு போட்டு மூடியோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்வெட்டருக்கு அருமையான நூல், உங்களுக்கு உதவாது. பளிச்சென்ற வெள்ளை நூலிலும் கவனம் தேவை, வெளுப்பாக்கியதால் சில சமயம் சரியாக இறுகாது.

வாங்கும் முன் ஒரு முழம் நூல் கேட்டு வாங்கிச் சுருட்டி, வெந்நீரில் நனைத்து, துளி சோப்பு போட்டு உள்ளங்கையில் ஐந்து பத்து நிமிடம் உருட்டுங்கள். ஃபெல்ட் ஆகிற நூல் என்றால் சுண்டைக்காய் மாதிரி கெட்டியாகிப் பிரிக்க வராது, மற்றவை சிணுக்கெடுத்தால் பிரிந்துவிடும். ஒரு துண்டைக் கொளுத்தியும் பார்க்கலாம் (இடுக்கியில் பிடித்து, வாஷ் பேசின் பக்கத்தில்). கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கறுப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். ஆனால் சூப்பர்வாஷ் நூலும் முடி வாடைதான் அடிக்கும், அதனால் உள்ளங்கைச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

கைநூற்புக் கம்பளி ஃபெல்ட்டுக்கு அழகாக வரும். ஆனால் ஓரிடத்தில் தடிப்பு, ஓரிடத்தில் மெலிவு, நடுவில் முடிச்சு என்றிருந்தால் மெஷின் ஊசியில் சிக்கும், அதைக் கைப்பின்னலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஃபெல்ட் செய்ய ஹீட்டர் உள்ள ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்க வேண்டுமா? (ஓசூர் வாசகர்)

பதில்: இதற்காக வாங்காதீர்கள். நடுவில் திறந்து பார்க்க முடிவதுதான் இந்த வேலைக்கு முக்கியம், பல ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் சுற்ற ஆரம்பித்தால் கதவைப் பூட்டிக்கொள்ளும். வீட்டில் பழைய செமி ஆட்டோமேட்டிக் கிடந்தால் அதுதான் ராஜா. அதன் டப் எவ்வளவு சூடு தாங்கும் என்று கையேட்டில் பார்த்துக்கொண்டு கீசர் தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் சோப்பு போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உதிரும் பஞ்சு குழாயை அடைத்துவிடும், அதனால் ஜிப் வைத்த தலையணை உறைக்குள் போட்டுத்தான் சுற்ற வேண்டும். பையின் இரண்டு பக்கமும் உள்ளே ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போதெல்லாம் பிரித்து விடுங்கள். மேல் விளிம்பு அலை அலையாக விரிவதைத் தடுக்க, முன்பே பருத்தி நூலால் தளர்வாக ஓட்டுத்தையல் போட்டுவைக்கலாம்.

அளவுக்குக் கட்டாயம் மாதிரித் துண்டு வேண்டும். அகலத்தைவிட நீளம்தான் பொதுவாக அதிகம் சுருங்கும். 20-க்கு 20 சென்டிமீட்டர் துண்டு அகலம் 15, நீளம் 13 ஆனது என்று வைத்துக்கொள்வோம். 30-க்கு 30 பை வேண்டுமென்றால் 40 அகலம், 46 நீளம் பின்ன வேண்டும். நூலும் அந்த அளவுக்குக் கூடுதலாக வாங்க வேண்டும், ஒரே சாயத் தொகுதி எண்ணில் (லேபிளில் இருக்கும், அது மாறினால் நிறமும் கொஞ்சம் மாறலாம்).

கேள்வி: ஆன்லைனில் ‘100 சதவீதம் மெரினோ’ (ஒரு வகை ஆட்டுக் கம்பளி) என்று வாங்கிய இரண்டு கிலோ நூல், கொளுத்தினால் உருகுகிறது. பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது என்கிறார் விற்பவர். (மதுரை வாசகி)

பதில்: பிரிக்காமல் எப்படித் தெரியுமாம்? விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், லேபிள் போட்டோ மூன்றையும் இன்றே எடுத்து வையுங்கள், நாளைக்கே அந்தப் பக்கத்தில் ‘மெரினோ கலந்தது’ என்று மாற்றிவிடலாம். அப்புறம் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் மதுரையிலேயே போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொளுத்திப் பார்த்தது உங்கள் திருப்திக்குத்தான், ஆணையத்தில் ஆய்வக அறிக்கைதான் பேசும். கோவையில் உள்ள சிட்ரா போன்ற ஜவுளி ஆய்வகத்தில் இழைச் சோதனை செய்து வாங்கலாம், ஆணையமே மாதிரியை ஆய்வுக்கு அனுப்பவும் சட்டத்தில் இடம் உண்டு. இரண்டு நூல் கட்டுகளையாவது தொடாமல் அப்படியே எடுத்து வையுங்கள்.