சொன்னது சொன்னபடி பதிவாக வேண்டும்

உங்கள் நகர நிர்வாகம் சிறுபான்மை இன மக்களை அழைத்து, பொதுச் சேவைகளும் பாதுகாப்பும் மேம்பட என்ன செய்யலாம் என்று கருத்துக் கேட்கிறது, எதை முதலில் வலியுறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். மருத்துவமனைகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் தொலைபேசி வழியாகத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்தே பதில் சொல்கிறேன். மக்கள் தம் வலியையும் அச்சத்தையும் சொன்னால், அது சொன்னபடியே அரசின் பதிவேட்டில் ஏற வேண்டும். மற்ற மேம்பாடுகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்க முடியும் என்பதால், அதையே முதலில் வலியுறுத்துங்கள்.

ஓர் இரவு, அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. பன்னிரண்டு வயது மகன் அதுவரை தாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். வயிற்று வலி என்று மட்டுமே குறித்து வைத்திருந்தார்கள். செவிலியர் பையனை வெளியே அமரச் செய்துவிட்டு எங்களை இணைத்தார். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாள் தள்ளிப் போயிருந்தது, மூன்று நாளாக உதிரம் நிற்கவில்லை" என்றார். பெற்ற மகனிடம் எந்தத் தாயும் சொல்லக் கூசும் செய்தி அது. மருத்துவரின் அடுத்த கேள்விகள் அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்தால் மாறின. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே நான் சொல்லவில்லை, ஆனால் இத்தகைய அழைப்புகள் எனக்கு அரிதானவை அல்ல.

பிள்ளைகளையும் உறவினரையும் மொழிபெயர்க்க வைப்பது செலவில்லாத வழியாகத் தோன்றும், ஆனால் அதில் ஆபத்து உண்டு. "மயக்கமாக இருக்கிறது" என்று நாம் சொல்வது தலைசுற்றலாகவும் இருக்கலாம், நினைவு தப்பியதாகவும் இருக்கலாம். "நெஞ்சு கரிக்கிறது" என்பதும் "நெஞ்சை அடைக்கிறது" என்பதும் முற்றிலும் வேறான இரண்டு நோய்களை நோக்கி மருத்துவரை அனுப்பும். பயிற்சி பெற்றவர் இவ்விடங்களில் நிறுத்தித் திரும்பக் கேட்பார், குழந்தை தனக்குத் தெரிந்த முதல் சொல்லைப் போட்டுவிடும். 1980-இல் அமெரிக்காவின் புளோரிடாவில், நினைவிழந்த 18 வயது இளைஞர் ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்த குடும்பத்தார், ஸ்பானிய மொழியில் 'இன்டாக்சிகாடோ' என்றார்கள். உண்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் கருதிய பொருள். மருத்துவர்களோ அதைப் போதைப்பொருள் மிகையாக உட்கொண்டதாக எடுத்துக்கொண்டு சிகிச்சை அளித்தார்கள். மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. அவருடைய கைகளும் கால்களும் செயலிழந்தன. பல கோடி டாலர் இழப்பீடு தர வேண்டியிருந்த அந்த வழக்கை மொழிபெயர்ப்புத் துறையில் இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். ஒரு தொலைபேசி அழைப்பின் செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆஸ்திரேலியா 1973-லேயே தொலைபேசி வழி மொழிபெயர்ப்பை அரசுச் சேவையாகத் தொடங்கிவிட்டது. இன்று அது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. ஆகவே இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று யாராவது சொன்னால், தயங்காமல் மறுக்கலாம்.

காவல் நிலையத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. நம்மவர்கள் பேச்சுக்கிடையே "ம்... சரி, சரி" என்பது, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். அதை ஒப்புதல் என்று எழுதிக்கொண்ட அதிகாரியை நானே இடைமறித்துத் திருத்தியிருக்கிறேன். மொழி ஒரு தடையாக இல்லாத இடத்திலும், சொல்பவரின் நிறம் அவர் சொல்லைக் கீழே தள்ளிவிடுவதுண்டு. 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டனில் பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கருப்பின இளைஞரை வெள்ளையினக் கும்பல் குத்திக் கொன்றது. அவருடன் இருந்த கருப்பின நண்பரைக் காவலர்கள் பாதிக்கப்பட்ட சாட்சியாக நடத்தவில்லை. அந்தக் கொலையைக் காவல் துறை விசாரித்த விதத்தை ஆராய்ந்து 1999-இல் வெளியான மேக்பர்சன் விசாரணை அறிக்கை, காவல் துறையில் நிறுவனமயமான இனவெறி, அதாவது துறையின் நடைமுறைகளிலேயே ஊறிய இனவெறி, இருந்ததாகக் கூறி, 70 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றுள் என் மனத்தில் நிற்பவை இரண்டு. பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ ஒரு சம்பவத்தை இனவெறிச் சம்பவமாகக் கருதினால், அதை அவ்வாறே பதிவு செய்ய வேண்டும் என்பது ஒன்று. காவல் நிலையத்துக்கு வெளியேயும் எந்நேரமும் புகார் தர வழி இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. குற்றம் நிரூபணமாவது பிறகு நடப்பது. வாசலிலேயே "இது அக்கம்பக்கத்துச் சண்டை" என்று எழுதி முடித்துவிடும் வழக்கத்தை முதல் பரிந்துரை தடுக்கிறது, சீருடையைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் மக்களுக்கு இரண்டாவது ஒரு கதவைத் திறக்கிறது.

சிறுபான்மையினரைக் காவல் பணியில் சேர்ப்பதும் விழிப்புணர்வுப் பயிற்சிகளும் தேவையானவையே. அவற்றைப் பலரும் பேசுவார்கள் என்பதால் நான் விரிக்கவில்லை.

பெரிதும் பேசப்படாதது கணக்கெடுப்பு. பிரிட்டனில் மகப்பேற்று இறப்புகளை இனவாரியாகப் பிரித்துப் பார்த்ததால்தான், 2018–20 காலத்தில் கருப்பினப் பெண்களின் இறப்பு வீதம் வெள்ளையினப் பெண்களுடையதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்காகவும், ஆசியப் பெண்களுடையது இரு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தது வெளியே தெரிந்தது. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி, உண்மையான குறைவைக் காட்டத் தவறுவது வெள்ளையின நோயாளிகளைவிடக் கருப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது என்பதையும், 2020-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு இவ்வாறு பிரித்துப் பார்த்தே கண்டது. மொத்தச் சராசரியில் இந்த வேறுபாடுகள் மறைந்துபோயிருக்கும். ஆனால் இனத்தைக் கேட்டுப் பதிவு செய்வது மக்களிடம் நியாயமான அச்சத்தை எழுப்பும். அந்த விவரத்தை யார் பார்ப்பார்கள், எதற்குப் பயன்படுத்த மாட்டார்கள் என்ற உறுதியை எழுத்தில் பெறாமல் நீங்கள் இதற்கு ஆதரவு தர வேண்டாம் என்பது என் கருத்து.

கூட்டத்துக்குப் போகும் முன், கடந்த ஆண்டில் எத்தனை முறை மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்பட்டார், எந்தெந்த மொழிகளுக்கு, இணைப்புக் கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள். காவல் துறையினரிடம், புகார் கொடுத்தவர் கையெழுத்திடும் முன் அவருடைய வாக்குமூலம் அவருடைய மொழியில் படித்துக் காட்டப்படுகிறதா, அப்படிக் காட்டியதற்கான குறிப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். குறிப்பு இல்லை என்ற பதில் வந்தால், அதையே உங்கள் முதல் கோரிக்கையாக வையுங்கள்.